கோயில் பக்கத்தில் மனை வாங்குகிறீர்களா? முதலில் டேப்பை எடுங்கள்

தாராசுரத்திலோ மாமல்லபுரத்திலோ கங்கைகொண்டசோழபுரத்திலோ மனை வாங்கப் போகிறவர்கள் பத்திரம், வில்லங்கம், பட்டா எல்லாவற்றையும் துருவித் துருவிப் பார்ப்பார்கள். அந்த இடம் கோயிலிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்பதை மட்டும் பார்க்க மாட்டார்கள். இது வாஸ்து கணக்கு இல்லை, சட்டக் கணக்கு.

மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள எந்தச் சின்னமானாலும் சரி, அதைச் சுற்றி நாலா பக்கமும் 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 1992 ஜூன் 16 அன்று வந்த அறிவிக்கைதான் இதற்கு ஆரம்பம். இடையில் நிபுணர் குழு பரிந்துரைத்தால் 100 மீட்டருக்குள்ளும் அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அது செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் சொன்னது, அப்புறம் 2010இல் சட்டத்தையே திருத்தி, இனி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானமே கிடையாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். தேவைப்பட்டால் அரசு இந்த 100ஐக் கூட்டலாம், குறைக்க முடியாது.

நிறைய பேர் ஏமாறுவது இந்த 100 மீட்டரை எங்கிருந்து அளப்பது என்பதில். கோபுரத்திலிருந்தோ கருவறையிலிருந்தோ இல்லை. பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கிருந்துதான் கணக்கு ஆரம்பிக்கிறது. புல்தரை, சுற்றுச்சுவர் எல்லாம் அந்த எல்லைக்குள் வந்தால் அதற்கு வெளியேதான் முதல் மீட்டர். "சாமி சன்னதி எங்கேயோ இருக்கு சார், இங்கேருந்து 150 மீட்டர் வரும்" என்று புரோக்கர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் உங்கள் மனை 100 மீட்டருக்குள் மாட்டியிருக்கலாம்.

சரி, ஏற்கெனவே அங்கே குடியிருப்பவர்கள் என்ன செய்வது? வீடு 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்தது என்றால், அல்லது அதற்குப் பிறகு முறையான ஒப்புதலோடு கட்டியது என்றால், பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் அனுமதி கேட்கலாம். ஒழுகுகிற கூரை ஓடுகளை மாற்றுவது, விரிசல் விட்ட சுவரைச் சரிசெய்வது இந்த மாதிரி. ஆனால் பழைய வீட்டை இடித்துவிட்டு அதே அளவில் திரும்பக் கட்டினாலும் அது பழுதுபார்ப்பு ஆகாது. சட்டம் அதை மறுகட்டுமானம் என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது, 100 மீட்டருக்குள் அதற்கு இடமில்லை. மாடி எழுப்புவதோ பக்கவாட்டில் ஓர் அறை நீட்டுவதோ புதுக் கட்டுமானமாகவே எண்ணப்படும். இதில் ஒரு வேடிக்கை, தெருவில் பொதுக் கழிப்பறை கட்டுவதும் வடிகால் போடுவதும் கட்டுமானம் என்ற கணக்கிலேயே வராது, உங்கள் வீட்டை ஒட்டி நீங்கள் நீட்டிக் கட்டும் கழிப்பறை வரும். இந்தப் பழைய வீட்டுக்காரர்கள் 1992க்கு முந்தைய வீட்டு வரி ரசீது, கரண்ட் கார்டு எது இருந்தாலும் தூக்கி எறியாமல் வைத்திருப்பது நல்லது.

அடுத்த 200 மீட்டரில் கட்டலாம், ஆனால் அனுமதி வாங்கிக்கொண்டு. ஆன்லைனில் விண்ணப்பிக்கிற வசதி இருக்கிறது. தகுதிபெற்ற அதிகாரி என்று ஒருவரை நியமித்திருப்பார்கள், விண்ணப்பம் அவரிடம் போகும். அவர் 15 நாளில் அதைத் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும், ஆணையம் 2 மாதத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும், அது வந்த 1 மாதத்தில் அதிகாரி அனுமதி தருவதோ மறுப்பதோ நடக்க வேண்டும். ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தாலே மூன்றரை மாதம் வரை ஆகலாம். பூமி பூஜைக்கு நாள் குறிக்கும்போது இதையும் மனதில் வையுங்கள்.

"பஞ்சாயத்தில் பிளான் அப்ரூவல் வாங்கியாச்சே" என்பார்கள். அது வேறு, இது வேறு. உள்ளாட்சி தரும் கட்டட அனுமதி இந்த அனுமதிக்கு மாற்று ஆகாது, இரண்டும் வேண்டும். அனுமதியில்லாமல் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தெரிந்தே கட்ட விட்ட மத்திய அரசு அதிகாரிக்கு 3 ஆண்டு வரை சிறை.

என்னைக் கேட்டால், வயல் நடுவில் நிற்கும் ஒரு சின்னக் கற்கோயிலுக்கும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் ஒரே 100 மீட்டர் என்பது கொஞ்சம் முரட்டுக் கணக்குதான். ஒவ்வொரு சின்னத்துக்கும் அதனதன் சூழலுக்கு ஏற்ற துணைவிதி எழுத வேண்டும் என்று அதே 2010 திருத்தம் சொல்கிறது. ஆனால் அந்தத் துணைவிதி வந்தாலும் 100 மீட்டருக்குள் இருக்கும் மனைக்கு விடிவில்லை, 200 மீட்டர்க்காரருக்கு எவ்வளவு உயரம், எந்த மாதிரி முகப்பு என்று தெளிவு கிடைக்கும், அவ்வளவுதான்.