ஃபிராங்கின் கை நமக்கு இல்லை

இசையமைப்பாளர் செசார் ஃபிராங்க் என்றால் பலருக்குத் தெரிந்தது 1872இல் அவர் எழுதிய ‘பானிஸ் ஆஞ்செலிகுஸ்’ என்ற தேவாலயப் பாடல் ஒன்றுதான். தேவாலயங்களில் குழாய்கள் வழியே ஒலிக்கும் ஆர்கன் வாத்தியத்தைப் படிப்பவர்கள் அதோடு நிற்பதில்லை. அவருடைய பன்னிரண்டு பெரிய ஆர்கன் படைப்புகளுக்கு வந்துவிடுவார்கள். கைவலி என்று என்னிடம் வரும் மாணவர்களில் பலர், அவர் இறந்த ஆண்டான 1890இல் எழுதிய ‘கோரால்’ என்ற மூன்று ஆர்கன் படைப்புகளில் மாட்டிக்கொண்டவர்கள்.

காரணம் எளிது. ஃபிராங்கின் கை பன்னிரண்டு வெள்ளைக் கட்டைகளை எட்டும் என்பார்கள். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், சுமார் 28 சென்டிமீட்டர்! தன் கைக்கு எட்டியதை அவர் எழுதினார். பியானோவில் எட்டாத கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரங்களை, சிதறடித்து வாசித்து, ஒலியை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடலை மிதித்துச் சமாளிக்கலாம். ஆர்கனில் விரலை எடுத்த நொடியே சுரம் போய்விடும். அதனால் மாணவர்கள் கையை விரித்தபடியே அழுத்திப் பிடிக்கிறார்கள். கட்டைவிரலின் அடியில் வலி தொடங்கி முன்கைக்கு ஏறுகிறது. “தினமும் விரித்தால் பழகிவிடும்” என்று சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. பாரிஸின் சேன்ட் க்ளோத்தில்த் தேவாலயத்தில் ஃபிராங்க் வாசித்தது கவாயே-கோல் கட்டிய ஆர்கன். அதன் முதன்மைக் கீபோர்டில் காற்றழுத்தத்தால் இயங்கும் பார்க்கர் நெம்புகோல் இருந்ததால், ஒன்றை அழுத்தினால் மற்றதும் சேர்ந்து ஒலிக்கும்படி கீபோர்டுகளை இணைத்தாலும் கட்டைகள் கனக்கவில்லை. அந்த வசதி இல்லாத மெக்கானிக்கல் ஆர்கனில் இணைத்து வாசித்தால் விரித்த கைக்குச் சுமை கூடும். பழகும்போது இணைப்பை எடுத்துவிடுங்கள்.

எட்டாத சுரத்தை மற்றக் கைக்குக் கொடுக்கலாம். கீழ்க்குரலைக் காலால் வாசிக்கும் பெடல் கட்டைகளுக்கு மாற்றலாம். நீண்ட சுரத்தை ஒரு விரலில் பிடித்து, விடாமலே அடுத்த விரலுக்கு மாற்றலாம். இதற்கும் வழியில்லை என்றால், கார்டில் இரட்டிப்பாக வரும் உள்சுரத்தை விட்டுவிடுங்கள், கேட்பவர் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. சுத்தவாதிகள் சண்டைக்கு வரட்டும், பரவாயில்லை.

கை சிறியவர்கள், இசையமைப்பாளர் சென்-சான்ஸுக்கு ஃபிராங்க் அர்ப்பணித்த ‘பிரெலூட், ஃபியூக், வேரியேஷன்’ படைப்பில் தொடங்கலாம். முதல் பகுதியான பிரெலூடில் வலது கைக்குத் தனி மெட்டுதான். அடுத்த பகுதியான ஃபியூகுக்கு முன்னால் வரும் லென்டோ என்ற சின்ன மெதுவான பகுதியில் கனமான கார்டுகள் உண்டு, அங்கே மட்டும் கவனம்.

வாசிக்கும்போது வலித்தால் உடனே நிறுத்துங்கள். இரவில் விரல் மரத்துப்போனாலோ, காலையிலும் வலி மிச்சமிருந்தாலோ, அடுத்த வகுப்புக்கு வருவதற்கு முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.