சொல் விளக்கம்: முத்துப்பிள்ளை

"சித்தி, பல்லுக்கும் கர்ப்பத்துக்கும் என்ன சம்பந்தம்?"

மொரீஷியசின் ரோஸ்ஹில்லில் இருந்து அக்காள் மகள் தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. கேட்டது நம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில், அவள் கையில் இருந்த ஸ்கேன் அறிக்கை பிரெஞ்சில். 'குரொசெஸ் மொலேர்' என்று அதில் எழுதியிருந்தது. கரு சரியாக உருவாகாமல் நஞ்சுக்கொடி தறிகெட்டு வளரும் கர்ப்பத்துக்குப் பிரெஞ்சுப் பெயர் அது. மொலேர் என்றால் கடைவாய்ப்பல் என்பது மொரீஷியசில் பள்ளிக்கூடம் போகும் குழந்தைக்கும் தெரியும். தஞ்சாவூரில் இருக்கும் மாமியாருக்குச் செய்தியைச் சொல்லியாக வேண்டும் என்று கைபேசியில் தமிழ்ச் சொல்லைத் தேடியிருக்கிறாள். 'மச்சக் கர்ப்பம்' என்று வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் மச்சத்துக்கும் மோல், இதற்கும் மோல். இயந்திரம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. இரண்டு மாதம் ஓயாத வாந்தியோடு கிடந்து, குழந்தை இல்லை என்று அன்று காலைதான் கேட்டுவிட்டு வந்த பெண்ணுக்குப் பல்லும் மச்சமும்தான் மிஞ்சின.

"அதற்குத் தமிழில் முத்துப்பிள்ளை என்று பெயர், அம்மா" என்றேன். மறுமுனையில் வெகுநேரம் பேச்சே இல்லை. பிறகு, "எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்" என்றாள்.

பல்லைப் பற்றி அவள் கேட்டதில் தவறேதும் இல்லை. இரண்டு மொலேருக்கும் வேர் ஒன்றே. இலத்தீனில் 'மோலா' என்றால் திரிகைக்கல். உணவை அரைக்கும் பல்லுக்கு அதிலிருந்து பெயர் வந்தது. கருப்பையில் குழந்தையின் உருவம் இல்லாமல் கனத்துத் திரண்ட பிண்டத்தையும் பழைய மருத்துவர்கள் திரிகைக்கல்லாகவே கண்டார்கள். கிரேக்கர்கள் தங்கள் மொழியில் திரிகைக்கு உள்ள 'மூலே' என்ற சொல்லால் அதை அழைத்தார்கள். நம் தீவில் அம்மிக்கு 'ரோஷ் காரி' என்று பெயர். அதன் மேல் உருளும் கல்லைக் கிரியோலில் 'பாபா' என்கிறோம், அதாவது கைக்குழந்தை. தமிழிலும் அது குழவிதான். அம்மிக்கும் குழவி, தொட்டிலுக்கும் குழவி. அரைகல்லையும் குழந்தையையும் சேர்த்துப் பார்த்த கண் கிரேக்கருக்கு மட்டும் உரியதன்று. ஆனாலும் நாம் கல்லுக்குக் குழந்தையின் பெயரைக் கொடுத்தோம். அவர்கள் வராத குழந்தைக்குக் கல்லின் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு நம் வழக்கமே பிடித்திருக்கிறது.

மருத்துவ நூல்கள் மோலுக்கு முன்னால் 'ஹைடாடிடிஃபார்ம்' என்ற அடைமொழியைச் சேர்க்கின்றன. 'ஹைடாடிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு நீர்த்துளி, நீர்க்குமிழி என்று பொருள். நாடாப்புழுவால் ஈரலில் உண்டாகும் நீர்க்கட்டிக்கும் அதே சொல் வழங்குவதால் சிலர் குழம்புவார்கள். இங்கே புழு எதுவும் இல்லை. கருவுக்கு ஊட்டம் எடுத்துத் தருவதற்காக நஞ்சுக்கொடியில் இருக்கும் நுண்விரல்கள் நீர் கோத்து ஊதிக் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பிரெஞ்சு மருத்துவர்கள் திராட்சைக் கொத்து என்பார்கள். பழைய ஸ்கேன் பாடநூல்கள் பனிப்புயல் என்று எழுதின. பனிப்புயலைக் கண்டறியாத நமக்கு அது எதையும் காட்டாது. வெந்து கண்ணாடிபோல் தெளிந்த சவ்வரிசி, கடுகளவிலிருந்து திராட்சையளவு வரை, மெல்லிய நரம்பில் கோத்ததுபோல. அதுதான் முத்து.

முத்து என்றதும் கடல்முத்தை நினைத்து, அழகுக்காக வைத்த பெயர் என்று எண்ணிவிடக் கூடாது. அம்மை போட்ட உடம்பில் நீர் கோத்து எழும் கொப்புளத்தையும் தமிழ் முத்து என்றே சொல்லும். "முத்து இறங்கிவிட்டது" என்றால் நோய் தணிந்தது என்று பொருள். இத்தனை மாரியம்மன் கோயில்கள் உள்ள தீவில் இதை விளக்க வேண்டியதில்லை. கிரேக்கத்தின் ஹைடாடிஸ் எதைச் சொல்கிறதோ அதையே முத்தும் சொல்கிறது, அச்சத்தைக் கூட்டாமல்.

அடுத்தது 'பிள்ளை'. இந்தப் பாதியைத்தான் சிலர் மறுக்கிறார்கள். பிள்ளையே இல்லாத இடத்தில் பிள்ளை என்பது பொய்யல்லவா, 'முத்துக் கர்ப்பம்' போதாதா என்கிறார்கள். தொல்காப்பியத்தின் மரபியல் மனிதருக்கு உரிய இளமைப் பெயர்களாகக் குழவி, மகவு என்ற இரண்டை மட்டுமே வைக்கிறது. பிள்ளை அங்கே பறவைக்கு உரியது. ஓரறிவுயிராகிய செடிகொடிக்கும் பொருந்துவது. இன்றும் தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்கிறோம். கரும்புத் தோட்டத்தில் குறுக்கே ஓடுவது கீரிப்பிள்ளை. ஆகவே முத்துப்பிள்ளையில் உள்ள பிள்ளையை முளை என்று கொள்ள இடமிருக்கிறது. இது என் வாசிப்பு. தாய் அதை மகவு என்றே கேட்டாலும் நான் திருத்தமாட்டேன். அவள் சுமந்தது அந்த நினைப்பைத்தான்.

முளை என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இன்னொரு சொல். முத்துப்பிள்ளையையும் அதையொட்டி வரும் கட்டிகளையும் சேர்த்து மருத்துவம் 'டிரோஃபோபிளாஸ்ட்' நோய்கள் என்கிறது. நெதர்லாந்தின் விலங்கியலாளர் ஹூப்ரெக்ட் முள்ளெலியின் நஞ்சுக்கொடியை ஆராய்ந்து 1889இல் படைத்த சொல் அது. நம் கரும்புக்காட்டில் திரியும் முள்ளுடம்புச் சிறுவிலங்கான 'தாங்'கைப் பார்த்தவர்கள் முள்ளெலியையும் ஊகித்துக்கொள்ளலாம். டிரோஃபே என்றால் ஊட்டம், பிளாஸ்டோஸ் என்றால் முளை. கருவைச் சூழ்ந்து, கருப்பையில் வேர்விட்டு, பின்னால் நஞ்சுக்கொடியாகும் உயிரணுப் படலம் அது. நான் 'ஊட்டமுளை' என்று எழுதுகிறேன். முழுப்பெயர் கருக்கால ஊட்டமுளை நோய்.

இந்த முளை ஏன் தறிகெட்டு வளர்கிறது என்பதைக் காட்டியவர்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள் கஜியும் ஒஹாமாவும். முழு முத்துப்பிள்ளையில் இருக்கும் குரோமோசோம்கள் எல்லாம் தந்தையிடமிருந்து வந்தவை என்று அவர்கள் 1977இல் எழுதினார்கள். தாயின் மரபுப்பொருள் இல்லாத சினைமுட்டைக்குள் ஒரு விந்தணு நுழைந்து தன்னையே இரட்டித்துக்கொள்கிறது. பெரும்பாலும் நடப்பது இதுதான். எண்ணிக்கை 46 என்று சரியாகவே இருக்கும், ஆனால் கரு உருவாகாது. பகுதி முத்துப்பிள்ளை வேறு: நல்ல முட்டையில் இரண்டு விந்தணுக்கள் புகுந்து 69 குரோமோசோம்கள் சேர்ந்துவிடும்; அங்கே கருவின் சுவடு தென்படலாம். சில குடும்பங்களில் இது திரும்பத் திரும்ப வருவதற்கு என்எல்ஆர்பி7 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் காரணம் என்பது 2006இல் தெரிந்தது. மருமகள் என்ன தின்றாள், எந்தச் சாவு வீட்டுக்குப் போனாள் என்று கேட்கும் வீடுகள் இங்கேயும் உண்டு. தின்றதிலும் போனதிலும் எதுவும் இல்லை.

முத்துக்களை உறிஞ்சி எடுத்துவிட்டபின் தொடங்குவது காத்திருப்பு. ஊட்டமுளை சுரக்கும் எச்சிஜி என்ற இயக்குநீரை வாரந்தோறும் இரத்தத்தில் அளப்பார்கள். இயல்புக்கு வந்தபின் மாதந்தோறும். இங்கே பெண்கள் அதை 'பேட்டா' என்கிறார்கள். இந்தக் கண்காணிப்பு முடியும்வரை மறுகர்ப்பம் தள்ளிப்போக வேண்டும், ஏனெனில் புதிய கர்ப்பமும் அதே எண்ணை ஏற்றிக் காட்டும். எண் இறங்காமல் நின்றாலோ ஏறினாலோ ஊட்டமுளை உள்ளே இன்னும் வளர்கிறது என்று பொருள்; மருந்து தேவை. முழு முத்துப்பிள்ளையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பேருக்கு அப்படி ஆகலாம். பகுதியில் மிகக் குறைவு. 1956இல் அமெரிக்காவில் மருத்துவர்கள் மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும், நுரையீரல்வரை பரவிவிட்ட ஊட்டமுளைப் புற்றை மெத்தோட்ரெக்சேட் மருந்தால் ஒழித்துக் காட்டினார்கள். திண்மக் கட்டியாக வளர்ந்த புற்றுநோய் மருந்தாலேயே குணமானது அப்போதுதான். கண்ணுக்குக் கட்டி மறைந்தபின்னும் எண் இறங்கும்வரை லீ மருந்தை நிறுத்தவில்லை; வாரந்தோறும் பேட்டா பார்ப்பதன் பொருள் அதில் இருக்கிறது.

எழுதும்போது முத்துப்பிள்ளை என்று ஒற்று மிகுத்து ஒரே சொல்லாக எழுதலாம். வகை பிரிக்க முழு, பகுதி என்ற அடைகள் போதும். 'மோலார் கர்ப்பம்' என்று ஒலிபெயர்ப்பதால் யாருக்கும் எதுவும் விளங்காது. 'மச்சக் கர்ப்பம்' பிழை.

அன்று மாலை அவள் தஞ்சாவூருக்குப் பேசினாள். பள்ளியில் படித்த தமிழ்தான், தயங்கித் தயங்கி அந்தச் சொல்லைச் சொன்னாளாம். மாமியார் விளக்கம் எதுவும் கேட்கவில்லை. "முத்துப்பிள்ளையா கண்ணு? எங்கள் பெரியம்மாவுக்கும் வந்தது. அதற்கப்புறம் மூன்று பெற்றார். நீ இரத்தம் பார்க்கப் போவதை மட்டும் விட்டுவிடாதே" என்றாராம். இப்போது அவளுடைய பேட்டாத் தாள்கள் இருக்கும் நீலக் கோப்பின் மேல், பிரெஞ்சுப் பெயருக்குக் கீழே, அந்தச் சொல் தமிழில் இருக்கிறது. 'ப்' புள்ளியோடு, சரியாக.