நாரிப்பிடிப்பு அல்ல, முள்ளென்பு முறிவு: பச்சிலையா, சீமெந்தா?

கிணற்றடியில் வாளியைத் தூக்கும்போதோ, லாண்ட்மாஸ்டர் பெட்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதோ நாரிக்குச் சற்று மேலே ‘சுரீர்’ என்று ஒரு நோவு. அறுபது தாண்டிய அம்மாவுக்கு வந்தால் வீட்டில் அதற்குப் பெயர் நாரிப்பிடிப்பு. எண்ணெய் தேய்த்து, ஒத்தடம் கொடுத்து, இரண்டு பனடோலோடு படுக்க விடுவார்கள். உள்ளே அடர்த்தி குறைந்து சல்லடையாகிப் போன முள்ளென்பு ஒன்று முன்பக்கமாக நசிந்திருக்கலாம். எலும்பின் அடர்த்தி குறையும் இந்த நோய்க்குப் பெயர் ஒஸ்ரியோபொரோசிஸ். முழங்கால் தேய்வு வேறு. இத்தகைய முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு வைத்தியரிடம் போகாமலே கழிந்துவிடுகின்றன.

படுத்தால் நோவு தணியும். எழும்பும்போது உயிர் போகும். முள்ளந்தண்டின் நடுக்கோட்டை விரல் மடக்கித் தட்டினால் ஓரிடத்தில் மட்டும் துள்ளுவார். அநேகமாக அது நெஞ்சு முள்ளென்பில் 12ஆவது அல்லது நாரி முள்ளென்பில் 1ஆவது. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் ஆப்பு வடிவம் தெரியும். காய்ச்சல், மெலிவு, படுத்தாலும் தணியாத இரவு நோவு இருந்தால் காசநோயையும் புற்றுநோயையும் தேட வேண்டும். கால் சோர்ந்தால், சிறுநீர் அடைத்தால், தொடையிடுக்கு மரத்தால் எண்ணெய்ப் போத்தலை வைத்துவிட்டு 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

இந்த முறிவுக்குப் பச்சிலை உதவுமா என்று முதலில் பார்ப்போம். ‘சிறுநீரகமே எலும்பை ஆளும்’ என்பது சீன மருத்துவத்தின் பழைய கோட்பாடு. அதன்படி மூலிகைக் கசாயம், பூச்சு, அக்குபங்சர் என்று கொடுக்கிறார்கள். நோவு குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் சீனாவில் நிறையவே உண்டு. ஆனால் பெரும்பாலானவை சிறியவை. மூலிகையைக் கல்சியத்தோடோ சத்திரசிகிச்சையோடோ சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். எங்கள் பரியாரியாரின் பிரண்டையும் பத்துப் பூச்சும் இதே நிலையில்தான். பத்துப் பூச்சு நோவை ஆற்றலாம். நசிந்த எலும்பை அது நிமிர்த்தாது. உண்மையான ஆபத்து நெட்டி முறிப்பதிலும் முதுகில் மிதிப்பதிலும் இருக்கிறது. ஒரு முள்ளென்பு நசிந்தவருக்கு அடுத்ததும் மெல்லியதுதான்.

மூலிகை என்பதாலேயே தீங்கில்லை என்று எண்ண வேண்டாம். பெல்ஜியத்தில் உடம்பு மெலிய எடுத்த மருந்தில் கலந்த ஒரு சீன மூலிகை பலரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது 1993இல் தெரியவந்தது. அதிலிருந்த அரிஸ்டலோக்கிக் அமிலம் எங்கள் ஆடுதின்னாப்பாளையிலும் உண்டு. காரணம் புரியாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கமும் இருக்கிற மண்ணில் இது சின்ன விஷயமல்ல. சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்ற அதே காரணத்தால் டைக்ளோபெனாக் என்ற நோவு ஊசியையும் கேட்டு வாங்காதீர்கள். பெயர் ஒட்டாத தூள் பொட்டலம் உடனே நோவை நிறுத்தினால் அதில் ஸ்டீரொயிட் இருக்கலாம். அதுவே எலும்பைக் கரைப்பது.

சத்திரசிகிச்சை என்றதும் முதுகைக் கிழிப்பார்கள் என்று பயப்படுகிறார்கள். எக்ஸ்ரே பார்த்தபடி தோல் வழியே தடித்த ஊசி செலுத்தி, சில மில்லிலீற்றர் எலும்புச் சீமெந்தை முள்ளென்புக்குள் விடுவதே வெர்ற்றிப்ரோபிளாஸ்ரி. முதலில் பலூன் ஊதி இடம் எடுத்து விடுவது கைபோபிளாஸ்ரி. சீமெந்து கசிந்து நரம்பை அழுத்தலாம், நாளத்தில் போய் நுரையீரலை அடையலாம். 2009இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளில், ஊசி போடுவதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்ட நோயாளிகளும் சீமெந்து விடப்பட்டவர்கள் அளவுக்கே தேறினார்கள். 2016இல் வந்த ஆய்வு ஆறு வாரத்துக்குள்ளான, கடும் நோவுள்ள முறிவுகளில் பயன் கண்டது. 2018இன் ஆய்வு அப்படிப் பயன் காணவில்லை. எனவே எல்லாருக்கும் இது வேண்டியதில்லை. மருந்து கொடுத்தும் திரும்பிப் படுக்க முடியாத புது முறிவுக்கு, நன்மை தீமையைச் சொல்லி யோசிக்கலாம். ஆறு மாதப் பழைய நசிவுக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நரம்பு அழுந்தினால் கதை வேறு. அங்கே ஊசி போதாது, பெரிய சத்திரசிகிச்சையே தேவைப்படலாம்.

பச்சிலையும் சீமெந்தும் அடுத்த முள்ளென்பைக் காப்பதில்லை. முதல் முறிவு வந்த பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் இன்னொன்று வருகிறது. பலர் மறந்துவிடுவது இதற்கான மருந்தைத்தான். அலென்ரோனேற் 70 மில்லிகிராம் குளிசை, வாரம் ஒன்று: காலையில் வெறும் வயிற்றில், ஒரு பெரிய கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு. பிளேன்ரீயோடு குடித்தால் மருந்து உறிஞ்சப்படாது. அரை மணிநேரம் படுக்கக் கூடாது. படுத்தால் தொண்டைக்குழல் புண்ணாகும். தொடங்குமுன் இரத்தத்தில் கிரியற்றினின் என்ற கழிவின் அளவைப் பார்த்து சிறுநீரக வடிகட்டல் அளவைக் கணிக்க வேண்டும். அது நிமிடத்துக்கு 35 மில்லிலீற்றருக்குக் கீழே இருந்தால் இந்தக் குளிசை உகந்ததல்ல. கல்சியம் நாளுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம்வரை தேவை. குரக்கன், நெத்தலி, பால் என்று உணவிலேயே பெரும்பகுதியை எடுக்கலாம்.

முறிந்த புதிதில் ஓரிரு நாள் படுக்கலாம், வாரக்கணக்கில் கூடாது. படுக்கையே எலும்பைக் கரைக்கும். எழும்பும்போது மரக்குற்றி உருளுவதுபோல் முழு உடம்பும் ஒன்றாகப் பக்கம் திரும்பி, கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு எழும்ப வேண்டும். குனிந்து கூட்டுவது, வாளி தூக்குவது மூன்று மாதத்துக்கு வேறொருவர் வேலை. அநேகருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் நோவு அடங்கும்.

காந்தத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ ஸ்கான் எழுதிக் கொடுத்தால், உடம்பில் ஷெல் துண்டு இருப்பதை அறைக்குள் போகுமுன் சொல்லுங்கள். காயம் ஆறிப் பதினைந்து வருடமானாலும் இரும்பு இரும்புதான், காந்தம் இழுக்கும்.