கேண்டிடேட் – வேட்பாளர்

தேர்தலில் நிற்பவரை ஆங்கிலத்தில் கேண்டிடேட் என்கிறார்கள். சொல்லைப் பிரித்தால் உள்ளே தேர்தலும் இல்லை, வாக்கும் இல்லை. 'வெள்ளை உடுத்தியவர்', அவ்வளவுதான்.

லத்தீனில் கேண்டிடஸ் என்றால் பளீரென்ற வெண்மை. ரோமானியக் குடிமகன் மேலே சுற்றிக்கொள்ளும் டோகா கம்பளி ஆடை. அதன் இயல்பான நிறம் சற்று மங்கல்தான். பதவி கேட்டு வந்தவர்கள் அதில் சீமைச்சுண்ணாம்பைத் தேய்த்து வெளுப்பேற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தார்கள். எவ்வளவு நெரிசலிலும் ஆள் தனியாகத் தெரிவார். வாக்குக் கேட்பதற்காக ஆடைக்கு வெண்மை ஏற்றக் கூடாது என்று கி.மு. 432இல் சட்டமே வந்ததாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். சட்டம் நிலைத்ததாகத் தெரியவில்லை: கி.மு. 64இல் ரோமின் உச்சப் பதவியான கான்சல் பதவிக்குப் போட்டியிட்ட பேச்சாளர் சிசரோ, எதிர்த்து நின்ற கேட்டிலினைச் செனட்டில் வெளுத்து வாங்கிய உரைக்குப் பெயரே 'வெள்ளை டோகாவில்'. யாருக்காவது நம்மூர்க் கஞ்சிபோட்ட வேட்டி நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

இப்படி ஆள் ஆளாகச் சுற்றிவந்து வாக்குக் கேட்பதற்கு ஆம்பிட்டியோ என்று பெயர். பொருள் 'சுற்றி வருதல்'. பேராசையையும் பெருங்கனவையும் குறிக்கும் ஆம்பிஷன் அதிலிருந்து வந்ததுதான். ஒளிவுமறைவில்லாத பேச்சைக் குறிக்கும் கேண்டிட் என்ற சொல்லும் அதே வெள்ளைத் துணியின் உறவு என்பது வேடிக்கை.

தமிழ் இந்த உடுப்பைக் கண்டுகொள்ளவில்லை. வேள் என்றால் விரும்பு. அதிலிருந்து வேட்பு, வேட்கை. 'கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்' (குறள் 643) என்பதில் வரும் 'வேட்ப' இதுவே. கேட்காதவரும் விரும்பும்படி என்று பொருள். ஆகவே வேட்பாளர், பதவியை விரும்பி நிற்பவர். இதற்கு முன் வழங்கிய அபேட்சகர் வடசொல். அபேட்சை என்றாலும் விருப்பம்தான். சொல் மாறியதே தவிர எண்ணம் மாறவில்லை. மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுவதால் ரோமானியரின் சொல்லைவிட நம் சொல்லே நேர்மையானது என்பேன்.

ஆனால் கேண்டிடேட் வரும் இடமெல்லாம் வேட்பாளர் பொருந்தாது. தேர்வு எழுதுபவர் தேர்வர். வேலைக்கு மனுப்போடுபவர் விண்ணப்பதாரர். வேட்பாளரைத் தேர்தலோடு விட்டுவிடலாம்.