அழற்சியும் ஆக்சிஜனேற்ற மிகையும்: நீரிழிவை ஒட்டிய இரு சொற்கள்

மருத்துவர்கள் 'இன்ஃபிளமேஷன்' என்று குறிப்பிடுவதற்குத் தமிழில் நிலைபெற்றுவிட்ட சொல் அழற்சி. தீ, தணல் என்று பொருள்படும் 'அழல்' என்பதே இதன் அடி. சுழலிலிருந்து சுழற்சி பிறப்பதுபோல அழலிலிருந்து அழற்சி பிறக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான லத்தீன் வினைக்கும் தீ மூட்டுதல் என்றே பொருள். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய நூலாசிரியர் செல்சஸ் சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி ஆகிய நான்கையும் இதன் அடையாளங்களாகக் குறித்தார்.

காசிமேட்டில் மீன் அரியும் ஒருவரின் விரலில் கெளுத்தி முள் ஏறினால், சற்று நேரத்தில் அந்த இடம் சிவந்து, உப்பி, தொட்டால் சுட்டு, விண்விண்ணென்று தெறிப்பதில் அந்த நான்கையும் ஒருசேரக் காணலாம். இரத்த நாளங்கள் விரிந்து, வெள்ளணுக்கள் காயத்துக்குள் இறங்கிக் கிருமிகளை எதிர்க்கும் வேலை அது. வேலை முடிந்ததும் அழற்சி தணிந்துவிடும்.

நீரிழிவில் பேசப்படும் அழற்சியோ தணியாமல், வெளியே தெரியாமல், மெல்லிய அளவில் ஆண்டுக்கணக்கில் நீடிப்பது. குறிப்பாக வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்புத் திசுவிலிருந்து சுரக்கும் சில புரதங்கள் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. அவற்றுள் ஒன்றான டி.என்.எஃப்-ஆல்ஃபாவின் பங்கு 1993-இல் எலிகளிடம் காட்டப்பட்டது. இரத்தத்தில் சி.ஆர்.பி. என்னும் புரதத்தை அளந்து இத்தகைய அழற்சியை ஓரளவு ஊகிக்கலாம், ஆயினும் சளி, காய்ச்சல், பல் ஈறு நோய் ஆகியவற்றிலும் அது உயரும் என்பதால் அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு அஞ்ச வேண்டியதில்லை.

ராயபுரத்தில் 1954-இல் மருத்துவர் எம். விஸ்வநாதன் நிறுவிய மருத்துவமனை நீரிழிவு மருத்துவத்தில் நாடறிந்தது. அரசு ஸ்டான்லி மருத்துவமனையும் தொலைவில் இல்லை. ஆகவே வடசென்னை வீடுகளில் 'சுகர்' பழகிய சொல்லாகிவிட்டது. அழற்சி இன்னும் அப்படிப் பழகவில்லை. பேச்சில் ழகரம் மழுங்குவதால் இது 'அலர்ஜி' என்று காதில் விழுகிறது. அதற்குரிய தமிழ் ஒவ்வாமை, அது வேறு. இன்னும் சிலர் 'உடம்புச் சூடு' என்று எண்ணி இளநீரையும் மோரையும் நாடுகிறார்கள். சித்த மருத்துவம் பித்தத்தை அழல் என்று அழைப்பதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணமாகலாம். நீரிழிவாளரின் அழற்சி குளிர்ச்சியான பானங்களால் தணிவதன்று. இளநீரிலும் சர்க்கரை உண்டு.

அடுத்த சொல்லான 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' 1985-இல் ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ் தொகுத்த நூலின் வழியே பரவியது. உடலில் உருவாகும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள், அவற்றை அடக்கும் எதிர்ப்பொருள்களை (ஆன்டிஆக்சிடன்ட்) விஞ்சிவிடும் நிலை என்பது அதன் பொருள். இதை 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்று எழுதுவது வழக்கம். ஆனால் நீரிழிவாளருள் பலருக்கு இரத்த அழுத்தமும் இருப்பதால், அதையும் பி.பி. போலக் கருவி வைத்து அளக்கும் ஒன்றென்று எண்ணிவிடக்கூடும். 'ஸ்ட்ரெஸ்' என்பதற்குப் பாடநூல்கள் தரும் 'தகைவு' பொதுமக்களை எட்டாது. விஞ்சுதலே கருத்து என்பதால் 'ஆக்சிஜனேற்ற மிகை' என்பதையே நான் பரிந்துரைப்பேன்.

அழற்சியும் இந்த மிகையும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது, அதன் வரவைத் தடுக்க இயலாத இரத்தநாள உட்சுவர், விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் செல்களில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா, வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகளுள் ஒன்றான சூப்பர்ஆக்சைடை மிகுதியாக வெளிவிடுகிறது என்று 2001-இல் அமெரிக்க நீரிழிவு ஆய்வாளர் மைக்கேல் பிரவுன்லீ விளக்கினார். அந்த மிகை அழற்சி மரபணுக்களைத் தூண்ட, அழற்சியில் திரளும் வெள்ளணுக்கள் மேலும் அதே மூலக்கூறுகளை உமிழ்கின்றன.

அப்படியானால் எதிர்ப்பொருள் மாத்திரை போதுமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் 2000-இல் வெளியான ஹோப் ஆய்வில், நீரிழிவாளர் பலரும் அடங்கிய குழுவுக்கு வைட்டமின் ஈ அளித்தும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், நடப்பதும், புகையிலையை விடுவதும், ஈறுகளைப் பேணுவதும்தான் இந்தச் சுழலைத் தளர்த்துபவை.

நரம்பு பழுதான காலில் செல்சஸ் சொன்ன நான்கில் வலி மட்டும் மறைந்துவிடக்கூடும். துறைமுக ஈரத்தில் நின்று வேலை செய்து திரும்பும் நீரிழிவாளர், வலி இல்லையென்று இருந்துவிடாமல், விரலிடுக்குகளில் சிவப்பும் வீக்கமும் உண்டா என்று இரவில் கண்ணால் பார்த்து, இருந்தால் மறுநாளே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.