பனை உயரம் பாய்ந்தும் ஏன் சிரிப்பு வரவில்லை?

கதாநாயகன் நின்ற இடத்திலிருந்தே எழும்பி, 15 மீற்றர் பனையின் வட்டுக்குள் போய் இறங்குகிறார். அதிரடிப் படங்களைக் கிண்டலடிக்கிற படம். கிளிநொச்சியில் ஒரு வீட்டு விறாந்தையில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களோ கைபேசியை நோண்டுகிறார்கள்.

கணக்குப்படி இது பெரிய பகிடிதான். அவ்வளவு உயரம் எழும்ப, கால் நிலத்தை விடும்போதே மணிக்கு ஏறத்தாழ 62 கிலோமீற்றர் வேகம் வேண்டும். அரை மீற்றர் எழும்புகிற சாதாரண ஆளுக்கு 11 போதும். ஆனால் 'சீரியஸ்' படத்து நாயகனே போன மாதம் தென்னை உயரம் பாய்ந்துவிட்டாரே!

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் உடலியலாளர் ஏர்ன்ஸ்ட் வேபர் எடைகளைத் தூக்கவைத்துச் சோதித்தார். எவ்வளவு கூட்டினோம் என்பதல்ல, ஏற்கெனவே இருந்ததில் எத்தனை பங்கு கூட்டினோம் என்பதே உடலுக்குத் தெரிகிறது. எடையில் சுமார் 50இல் ஒரு பங்காவது கூடினால்தான் வித்தியாசம் தெரியும். உள்ளங்கை அரிசியோடு இன்னொரு பிடி சேர்த்தால் உடனே தெரியும். அதே பிடியை 50 கிலோ நெல்மூட்டைக்குள் போட்டால் சுமப்பவருக்குத் தெரியாது. பகிடிக்கு இப்படி எண் கிடையாது, போக்கு மட்டும் இதேதான். மூலப்படத்தில் 100 பேரை அடித்தவர் இங்கே 120 பேரை அடித்தால், அது மூட்டைக்குள் போட்ட பிடி அரிசி.

அளவைக் கூட்டுவதை விட்டுவிட்டு, மூலப்படம் ஒளித்த விதி ஒன்றைத் திருப்பிக் கொண்டுவரலாம். ஒரு குத்தில் 70 கிலோ அடியாள் 10 மீற்றர் தள்ளிப் போய் விழவேண்டுமென்றால், 45 பாகைச் சரிவில் கிளம்பினாலும் மணிக்குச் சுமார் 36 கிலோமீற்றர் வேகம் தேவை. உந்தம் (எடையும் வேகமும் சேர்ந்த அளவு) காக்கப்படுவதால், அதே எடையுள்ள நாயகனும் அதே வேகத்தில் பின்னால் போகவேண்டும். காலை ஊன்றி நின்றால் செம்மண்ணில் இரண்டு கோடு கிழித்தபடி சறுக்குவார். அதிரடிப் படங்கள் இதைக் காட்டுவதே இல்லை. கிண்டல் படம் காட்டினால் சிரிப்பு வரும். எல்லா விதியையும் ஒன்றாக உடைத்தால், எது உடைந்தது என்றே தெரியாது.

நடிகர் கண்ணடிப்பதும் கெடுதல். 1980இல் வந்த 'ஏர்பிளேன்!' என்ற கிண்டல் படத்தில் லெஸ்லி நீல்சன் போன்ற தீவிர நடிகர்களையே போட்டு, முகத்தை இறுக்கமாக வைத்திருக்கச் சொன்னார்கள். பகிடியைக் கண்டுபிடிக்கிற வேலை பார்ப்பவருடையது. பின்னணியில் 'டொய்ங்' என்று ஒலி போட்டால் அந்த வேலை பறிபோகிறது.

மீறல் ஒன்று நடக்கவேண்டும், கூடவே அது ஆபத்தில்லாததாகவும் தோன்றவேண்டும், அப்போதுதான் சிரிப்பு என்கிறார்கள் மக்ரோ, வாரன் என்ற ஆய்வாளர்கள் (2010). குண்டு வெடிக்கிறது, நாயகன் கரி பூசிய முகத்தோடு இருமுகிறார். வேறு ஊரில் இது பகிடி. போர்க்காலத்தில் கிபிர் போர்விமான இரைச்சல் கேட்டுப் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) ஓடிய காதுக்கு, வன்னியில், இரண்டாவது நிபந்தனை எளிதில் நிறைவேறாது.

இனி அந்தப் பனை. ஏறியவர் ஏறியதுதான். இறங்கத் தெரியாமல் மட்டையைக் கட்டிப்பிடித்தபடி நிற்கட்டும். கீழே வில்லன், சண்டையைத் தொடரவேண்டுமே என்று, முகம் மாறாமல் பக்கத்து வளவில் ஏணி கேட்கட்டும்.