பேரேடு ஏறாத பதினோரு பில்

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி ஒன்றில் என் மாமா கணக்கு எழுதுகிறார். போன ஜூன் மாதம், பெங்களூரா ரக மாங்காய் வரத்து குவிந்துகிடந்த ஒரு சாயங்காலம், காற்றும் மழையுமாக வந்து கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. கம்ப்யூட்டரை மறுபடி போட்டால் கடைசிப் பதினோரு பில்லைக் காணோம். "ஒவ்வொண்ணுக்கும் சேவ் ஆச்சுன்னு காட்டுச்சே மாப்ள" என்றார். நல்லவேளை, எடைச் சீட்டுகள் கையில் இருந்ததால் விவசாயிகளுக்கு நட்டமில்லை.

சேவ் ஆனது உண்மைதான். எங்கே ஆனது என்பதுதான் கேள்வி. மென்பொருள் எழுதச் சொன்னதும் விண்டோஸ் அதை ரேமில், அதாவது கரண்ட் போனால் அழிந்துவிடும் தற்காலிக நினைவகத்தில், வாங்கி வைத்துக்கொண்டு 'ஆச்சு' என்று சொல்லிவிடும். பிறகு விநாடிக்கு ஒருமுறை, தேங்கிக் கிடப்பதில் எட்டில் ஒரு பங்காக டிஸ்குக்கு அனுப்பும். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில், வழக்கமான அமைப்பில் 30 விநாடிகூட ரேமிலேயே கிடக்கலாம். டிஸ்குக்குப் போனாலும் வேலை முடிந்துவிடாது. டிஸ்குக்குள்ளும் 'கேஷ்' என்று ஒரு சின்ன நினைவகம் உண்டு. கரண்ட் போனால் அதுவும் காலி.

இவ்வளவு சுற்று எதற்கு? நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்டு டிஸ்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி ஆகிறது. ஒவ்வொரு முறை எழுதும்போதும் டிஸ்கின் தட்டு சுற்றி வரட்டும் என்று காத்திருந்தால் விநாடிக்கு நூற்றுச் சொச்சம்தான் எழுத முடியும். சேர்த்து வைத்து, அக்கம்பக்கத்து இடங்களை ஒரே ஓட்டத்தில் எழுதினால் பல மடங்கு வேகம்.

அந்த வேகத்துக்காக டிஸ்க் வரிசையை மாற்றிவிடுகிறது. ஆபத்து அங்கேதான். பின்னால் வந்தது முன்னால் ஏறலாம். இருப்புக் கணக்கில் சரக்கு கழிந்திருக்கும், பில் இருக்காது. இதைத் தடுக்க, தரவுத்தளங்கள் (பில் மென்பொருள் தகவல்களைச் சேமித்து வைக்கும் அமைப்பு) நம் மண்டிக் கணக்குப் போலவே நடக்கின்றன: முதலில் குறிப்பேடு, அப்புறம் பேரேடு. குறிப்பேட்டு வரியை எழுதியதும் 'ஃப்ளஷ்' என்று கட்டளையிடும். கேஷில் இருப்பதையெல்லாம் தட்டில் எழுதி முடித்த பிறகே பதில் சொல் என்று அர்த்தம். கரண்ட் வந்ததும் குறிப்பேட்டை முதலிலிருந்து படிக்கும். நடுவில் ஒரு வரி உடைந்திருந்தால் அதற்குக் கீழே உள்ளதை நம்பாமல் நின்றுவிடும்.

மாமாவின் கம்ப்யூட்டரில், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்கின் பாலிசீஸ் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். கேஷ் ஃப்ளஷை அணைக்கும் பெட்டியில் டிக் விழுந்திருந்தது. வேகம் வேண்டும் என்று யாரோ போட்டது. மென்பொருள் சரியாகவே ஃப்ளஷ் கேட்டிருக்கிறது. விண்டோஸ் அதை டிஸ்குக்குச் சொல்லவேயில்லை. அந்தப் பதினொன்றில் முதல் பில்லின் குறிப்பேட்டு வரி உடைந்திருக்க வேண்டும். அதோடு மற்ற பத்தும் போயின. அந்தப் பெட்டிக்கு அருகிலேயே, டிஸ்குக்குத் தனி மின்சாரம் இருந்தால் மட்டும் டிக் செய்யுங்கள் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. அதைப் படிக்காமல் போட்டவர்மீது எனக்கு இன்னும் கோபம்தான்.

ஹார்டு டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி (சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) மாற்றினால் சரியாகிவிடுமா என்று மாமா கேட்டார். தட்டு சுழலாது, வேகம் கூடும். ஆனால் அதற்குள்ளும் கேஷ் உண்டு. சர்வருக்கான பல எஸ்எஸ்டிகளில் கெப்பாசிட்டர்கள் இருக்கும். கரண்ட் போனதும் அவற்றில் சேர்ந்திருக்கும் மின்சாரத்தை வைத்தே கேஷை எழுதி முடித்துவிடும். கடையில் நாம் வாங்கும் சாதாரண எஸ்எஸ்டிகளில் பெரும்பாலும் அவை கிடையாது.

டிக்கை எடுத்துவிட்டோம், யுபிஎஸ்சுக்குப் புதுப் பேட்டரி போட்டோம். பில் சேவ் ஆக இப்போது துளி நேரம் கூடுதலாகிறது என்கிறார் மாமா. தட்டு சுற்றி வருகிற நேரம் அது.